போகிப் புகை ஏன் நகரவில்லை? சென்னையின் ஒரு காலையைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

“நெருப்பு அணைஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு சார். புகை மட்டும் போக மாட்டேங்குது.”

2018 ஜனவரி 13, சனிக்கிழமை, போகி. காலை ஏழு மணிக்கு எங்கள் குடியிருப்பின் காவலாளி தாத்தா கேட்டைத் திறந்துகொண்டே சொன்னது இது. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் நாலரை மணிக்கே கொளுத்திவிட்டார்கள். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், பஞ்சு பிதுங்கிய தலையணை, யாரோ உருட்டிக்கொண்டு வந்து போட்ட ஒரு ஸ்கூட்டர் டயர். பிள்ளைகள் மேளம் தட்டி முடித்து, ஐந்து மணிக்கெல்லாம் சாம்பல்தான் மிச்சம். ஏழு மணிக்கு எதிர்வீட்டு வாசல் கோலம் எனக்குத் தெரியவில்லை. இருபதடி அகலத் தெரு அது.

அதே நேரத்தில் சில கிலோமீட்டர் தள்ளி மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க வழியில்லாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. புறப்பட வேண்டியவை ஓடுபாதைக்குப் போகாமல் காத்துக் கிடந்தன. மறுநாள் செய்திகளில் டயர் எரித்தவர்களுக்குத் திட்டு விழுந்தது. திட்டு நியாயமானதுதான். ஆனால் காற்று மாசு எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுவதே தொழிலாக இருக்கிற எனக்கு, தாத்தா கேட்ட கேள்விதான் சரியான கேள்வியாகப் பட்டது. எரித்தது என்ன என்பதைப் பற்றி ஊரே பேசியது. எரித்த நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பாதிக் காரணம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

தரை குளிர்ந்த இரவு

மார்கழிக் காலையில் பைக்கை எடுக்கும்போது சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறோம். மழை பெய்யவில்லை, ஆனாலும் சீட் நனைந்திருக்கும். இந்த ஆய்வுக்கு வேண்டிய முதல் சான்று அந்த ஈரம்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த ஜனவரி இரவுகளில், தரையும் மொட்டைமாடியும் வண்டிகளும் தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கின்றன. தடுக்க மேகம் இல்லை. கலக்கிவிடக் காற்றும் இல்லை. தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது, அதில் இருக்கும் ஈரம் பனித்துளியாகப் படிகிறது. நூறு மீட்டர் மேலே இருக்கும் காற்றுக்கு இந்தக் குளிர் எட்டுவதில்லை. அது கீழே இருப்பதைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும்.

வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டும். இங்கே மேலே போகப் போகச் சூடாகிறது. இதைத்தான் வெப்பநிலைத் தலைகீழ் என்கிறார்கள். எங்கள் துறையில் பேசும்போது இன்வர்ஷன் என்றே சொல்லிவிடுவோம்.

இது ஏன் புகையைப் பிடித்து வைக்கிறது? ஒரு சிறு காற்றுக் கட்டியை மேலே தள்ளிப் பார்ப்போம். மேலே அழுத்தம் குறைவு, அதனால் அது விரிகிறது. விரிவதால் குளிர்கிறது. ஈரம் திரவமாகாத வரை கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி, அதாவது நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. சுற்றியுள்ள காற்று இதைவிட வேகமாகக் குளிர்ந்துகொண்டு போனால், நம் கட்டி எங்கே போனாலும் சுற்றத்தைவிடச் சூடாகவும் லேசாகவும் இருக்கும். விட்டால் ஏறிக்கொண்டே போகும். இது நிலையற்ற வளிமண்டலம். வெயில் ஏறிய மதியங்கள் பெரும்பாலும் இப்படித்தான். சுற்றியுள்ள காற்று மேலே சூடாக இருந்தால் நேர் எதிர்: ஏறிய கட்டி உடனே சுற்றத்தைவிடக் குளிர்ந்து, கனத்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். இது நிலையான வளிமண்டலம். நிலையானது என்ற சொல் காதுக்கு நல்லதாகக் கேட்கிறது, நுரையீரலுக்கு அப்படி இல்லை.

நகரத்தின் மேல் மூடி போட்டது போல என்று இதைச் சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. மூடி போட்ட பானையின் உள்ளே இருப்பது கொதித்துக் கலங்கும். தரையில் தொடங்கும் தலைகீழ் அடுக்கில் உள்ளேயும் கலங்காது. தரையிலிருந்து உச்சி வரை அந்த அடுக்கு முழுவதும் இறுகிக் கிடக்கும். பத்தடி உயரத்தில் நின்ற புகை பத்தடியிலேயே நிற்கும், நாற்பதடிக்குப் போனது நாற்பதடியிலேயே படுக்கும். சந்தேகம் இருந்தால் மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துப் பாருங்கள். புகை கொஞ்ச தூரம் நேராக ஏறும். பத்தியின் சூடு தீர்ந்ததும், யாரோ உள்ளங்கையால் அழுத்தியது போலப் படுத்து, மெல்லிய நாடாவாக நீளும். அதே பத்தியை மதியம் இரண்டு மணிக்கு வைத்தால் ஒரு முழம்கூட ஒழுங்காக ஏறாது, சுழன்று கலைந்துவிடும்.

இன்னொரு அடையாளம் காதுக்குக் கேட்கும். மார்கழி விடியலில் எங்கோ இருக்கும் கோயிலின் திருப்பாவை பக்கத்துத் தெருவில் பாடுவது போலக் கேட்கும். பரங்கிமலை ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் சத்தம் கேட்கும். பகலில் இவை எதுவும் கேட்பதில்லை. போக்குவரத்து இரைச்சல் குறைவு என்பது ஒரு காரணம். மேலே இருக்கும் சூடான காற்று ஒலியைத் தரைப் பக்கம் வளைத்து அனுப்புவது இன்னொரு காரணம். “பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்ததை நினைக்கும்போதெல்லாம், அவர்கள் இந்தத் தலைகீழைக் காதால் அறிந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். கோயில் பாட்டு அப்படித் தெளிவாகக் கேட்கிற காலையில் எதையும் எரிக்காமல் இருப்பது நல்லது.

ஒரே புகை, அறுபது மடங்கு

1961-இல் இங்கிலாந்தின் வானிலை ஆய்வாளர் ஃபிராங்க் பாஸ்குவில் வளிமண்டல நிலைத்தன்மையை ஏ முதல் எஃப் வரை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். ஏ என்றால் மிகவும் நிலையற்றது, டி நடுநிலை, எஃப் இறுகியது. இதன் அழகு என்னவென்றால் பலூனோ கோபுரமோ தேவையில்லை. பத்து மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம், பகலில் வெயிலின் கடுமை, இரவில் மேக அளவு இவை போதும். பலத்த வெயிலும் மெல்லிய காற்றும் சேர்ந்தால் ஏ. மேகம் மூடியிருந்தால் இரவானாலும் பகலானாலும் டி. தெளிந்த இரவில் காற்று வினாடிக்கு மூன்று மீட்டருக்குக் கீழே இருந்தால் எஃப். இன்னும் குறைந்து இரண்டு மீட்டருக்குக் கீழே போனால் அவர் போட்ட அட்டவணையில் அந்தக் கட்டமே காலியாக இருக்கிறது. அவ்வளவு அசைவற்ற காற்றில் புகை எந்தப் பக்கம் போகும் என்பதையே நம்பிச் சொல்ல முடியாது. நடைமுறையில் நாங்கள் அதையும் எஃப் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறோம்.

சரி, அன்றைய காலைக்கு வருவோம். பனிமூட்டம் தரையில் இறங்கியிருந்தது. வானம் தெளிந்து காற்று நின்ற இரவில்தான் அப்படிப்பட்ட மூட்டம் இறங்கும். ஆகவே எஃப். காற்று வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒப்பிட, ஜனவரி மாத மதியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மிதமான வெயில், வினாடிக்கு நான்கு மீட்டர் காற்று. அட்டவணையில் இது பி-க்கும் சி-க்கும் இடையில் வரும், சி என்றே எடுத்துக்கொள்வோம். இரண்டு நேரத்திலும் ஒரே தெருமுனையில் ஒரே அளவு பாயும் டயரும் எரிகின்றன.

புகை எவ்வளவு விரிகிறது என்பதற்கு பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்த சூத்திரங்களை இத்துறையில் எல்லோரும் பயன்படுத்துவார்கள். திறந்தவெளிக்கான சூத்திரப்படி, ஒரு கிலோமீட்டர் தள்ளி மதியப் புகையின் பக்கவாட்டு விரிவு 105 மீட்டர், மேல்நோக்கிய விரிவு 73 மீட்டர். விடியற்காலைப் புகைக்கு அவை 38 மீட்டரும் 12 மீட்டரும்தான். இவை புகையின் முழு அகலமும் உயரமும் அல்ல. மையத்திலிருந்து எந்த அளவுக்குச் சிதறுகிறது என்பதற்கான அளவுகோல்கள். இரண்டு விரிவையும் காற்று வேகத்தோடு பெருக்கி ஒப்பிட்டால், விடியற்காலையில் அந்த இடத்தில் நிற்பவர் மூச்சில் இழுக்கும் செறிவு மதியத்தைப்போல ஏறக்குறைய 65 மடங்கு. கட்டடங்கள் நெருங்கிய நகரப் பகுதிக்கான சூத்திரத்தில் போட்டால் வித்தியாசம் குறையும். கட்டடங்கள் காற்றைக் கலக்கிவிடும், கான்கிரீட் இரவிலும் கொஞ்சம் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். அப்போதும் 30 மடங்குக்கு மேல் வருகிறது.

முதல்முறை இந்த எண்ணைப் பார்த்தபோது கணக்கில் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். ஒரு டயரை நாலரை மணிக்கு எரிப்பது, மதியம் முப்பது டயர்களை எரிப்பதற்குச் சமம். இரண்டையும் செய்யக் கூடாது என்பது வேறு விஷயம்.

மீனம்பாக்கம்

தி.நகரிலோ பாரிமுனையிலோ அதே இரவில் தலைகீழ் அவ்வளவு வலுவாக உருவாகாது. மேலே சொன்ன கட்டடச் சூடுதான் காரணம். விமான நிலையம் அப்படி இல்லை. பரந்த சமதரை, புல், பக்கத்தில் அடையாறு. இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் மேலேயே பாலமாகப் போகிறது. வெப்பத்தை வேகமாக இழக்கும் தரையும் ஈரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சுற்றிலும் பம்மல், பல்லாவரம், மூவரசம்பட்டு, நங்கநல்லூர் என்று ஆயிரக்கணக்கான வாசல்கள், வாசலுக்கு வாசல் நெருப்பு. என் கணிப்பில் ஊரின் மற்ற இடங்களைவிட அங்கே நிலைமை முற்றியதற்கு இந்தச் சேர்க்கைதான் காரணம்.

புகையும் பனியும் தனித்தனியாக இருப்பதில்லை. புகைத் துகள்களில் பல, நீராவி ஒட்டிக்கொள்ள இடம் கொடுப்பவை. துகள் கூடக் கூட அதே அளவு ஈரம் பல மடங்கு எண்ணிக்கையில் குட்டிக் குட்டித் துளிகளாகப் பிரியும். குட்டித் துளிகள் ஒளியை அதிகம் சிதறடிக்கும், கீழே விழவும் அதிக நேரம் எடுக்கும். வெறும் பனிமூட்டமாக இருந்திருந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கக்கூடிய மூட்டம், புகை சேர்ந்ததால் பால் போலக் கெட்டியானது. பார்வைத் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனாலே அதைப் பனிமூட்டம் என்கிறது வானிலைத் துறை. கேட்டகரி-1 என்ற அடிப்படை வகைக் கருவி வழிகாட்டலில் விமானம் இறங்க ஓடுபாதையில் குறைந்தது 550 மீட்டராவது தெரிய வேண்டும்.

சூரியன் 6.35 வாக்கில் எழுந்தான். எழுந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம், ஆகாது. வெயில் முதலில் தரையைச் சுட வேண்டும், தரை காற்றைச் சுட வேண்டும், கலங்கல் கீழிருந்து மெல்ல மேலேற வேண்டும். புகையும் பனியும் சேர்ந்த வெள்ளைத் திரை, விழுகிற வெயிலில் பெரும்பங்கை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் தலைகீழ் உடைவது இன்னும் தள்ளிப்போகும். உடையும்போதும் ஒரு கஷ்டம் இருக்கிறது. மூன்றாவது மாடி, நாலாவது மாடி உயரத்தில் இரவெல்லாம் தட்டையாக மிதந்த புகையை, கீழிருந்து ஏறும் கலங்கல் போய்த் தொட்டதும் அது தரைக்கு இழுத்து வரப்படும். புகை முடிந்தது என்று எட்டு மணிக்கு ஜன்னலைத் திறக்கிற வீடுகளுக்குள் அதுதான் வருகிறது. எங்கள் மாடியில் வீசிங் இருக்கிற ஒரு பையனுக்கு அன்று எட்டரை மணிக்குத்தான் நெபுலைசர் வைத்தார்கள். விடியற்காலையில் அவன் நன்றாகவே தூங்கிக்கொண்டிருந்தான்.

சராசரிக்குள் ஒளியும் இரண்டு மணி நேரம்

இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தரநிலைப்படி பி.எம். 2.5 நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை 15 என்று வைத்தது. எனக்கு உறுத்துவது அந்த 24 மணி நேரம்தான். உதாரணத்துக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் 300, மீதி 22 மணி நேரம் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 52.5. வரம்புக்குள் வந்துவிட்டது, அறிக்கையில் பச்சைக்கொடி. அந்த இரண்டு மணி நேரம் நடைப்பயிற்சிக்குப் போனவருக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்? போகி, தீபாவளி அறிக்கைகளில் ஒவ்வொரு இடத்துக்கும் மணிவாரி எண்களையும் சேர்த்துப் போட வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வடசென்னையில் கணக்கு வேறு

இவ்வளவும் படித்துவிட்டு, விடியல்தான் கெட்ட நேரம், மதியம் நல்ல நேரம் என்று பொதுவாக முடிவுகட்டிவிடக் கூடாது. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் வாழ்கிறவர்களுக்கு இது பல நாள் நேர்மாறாக இருக்கும். கந்தக வாயுவை நீக்கும் கருவி இல்லாத, 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல்மின் அலகுகளுக்கு 275 மீட்டர் புகைபோக்கி வேண்டும் என்பது விதி. இரவில் தலைகீழ் அடுக்கு பெரும்பாலும் அதற்குக் கீழேயே முடிந்துவிடும். புகை அந்த அடுக்குக்கு மேலே வெளியேறி, கீழே இறங்க முடியாமல் மேலேயே போய்விடும். தரையில் இருப்பவர் தப்பித்தார்.

பகலில் கடல்காற்று உள்ளே வரும்போதுதான் சிக்கல். கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, ஓரளவு நிலையானது. கரையைத் தாண்டியதும் சூடான தரை அதை அடியிலிருந்து கலக்கத் தொடங்கும். இந்தக் கலங்கல் அடுக்கு கரையில் மெல்லியதாகத் தொடங்கி, உள்ளே போகப் போகச் சாய்தளம் போல உயரும். கரையோரப் புகைபோக்கியின் புகை முதலில் இந்த அடுக்குக்கு மேலே, அமைதியான கடல் காற்றில், கலையாமல் கெட்டியாகப் பயணிக்கும். சில கிலோமீட்டர் உள்ளே சாய்தளம் அதைத் தொடும் இடத்தில் மொத்தமாகத் தரைக்கு இறங்கும். நட்ட நடுப்பகலில், புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாமல், தள்ளி இருக்கும் குடியிருப்பில் கண் எரியும். “ஆலைக்குப் பக்கத்துல ஒண்ணும் இல்லையே” என்று அளந்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தரைமட்டத்தில் கசிகிற வாயுவுக்கு மறுபடியும் பழைய கணக்குதான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் ஒரு உர ஆலைக்கான கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள். ஆலை வாசல் அருகே பதிவான செறிவு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், தரநிலையோ 400. டிசம்பர் நள்ளிரவு என்பது ஆண்டிலேயே காற்று நீர்த்துப்போக மிகவும் மறுக்கிற நேரங்களில் ஒன்று. ஆலைகளின் அவசரத் திட்டங்கள் பகல் காற்றை மனதில் வைத்து எழுதப்பட்டால் அந்தத் திட்டம் இரவில் உதவாது.

நேரத்தைப் பற்றிப் பேசுவோம்

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டும் அனுமதித்தது. தமிழ்நாடு அதை காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடி வெடிக்கிற நம் ஊர் வழக்கத்துக்கு அது பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் காற்றின் கணக்கில் பார்த்தால் இரண்டுமே வெயில் வேலை செய்யாத நேரங்கள். நவம்பர் தொடக்கத்தில் ஆறு மணிக்குத்தான் சூரியனே எழும். காலை நேரத்தை ஒன்பது மணிக்குத் தள்ளினால் மழைமேகம் இல்லாத நாட்களில் அதே பட்டாசின் புகை பல மடங்கு நீர்த்துப்போகும். செலவே இல்லாத மாற்றம் இது.

டெல்லிக்கு ‘காற்றோட்டக் குறியீடு’ ஒன்றை அன்றாடம் முன்கூட்டியே சொல்கிறார்கள். தரையிலிருந்து புகை எவ்வளவு உயரம் வரை கலக்க முடியுமோ அந்தக் கலப்பு உயரத்தை (மீட்டரில்) காற்று வேகத்தால் (வினாடிக்கு மீட்டரில்) பெருக்கினால் வருவது. 6,000-க்குக் கீழே போனால் மாசு கலைய வாய்ப்பு குறைவு. போகி விடியலின் கலப்பு உயரம் 100 மீட்டர், காற்று ஒரு மீட்டர் என்றால் அந்த எண் வெறும் 100. மீனம்பாக்கத்திலிருந்து தினமும் காலையும் மாலையும் வானிலை பலூன் பறக்கிறது, காலைப் பலூனுக்கான நேரம் 5.30. போகி நெருப்பு எரியும் அதே நேரம். அந்தத் தரவை வைத்து போகிக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் மாலையே சென்னைக்கு ஒரு எண்ணைச் சொல்ல முடியும். மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் போகிக்கு முன்பே பழைய துணி, டயர், பாய்களை வீடு வீடாக வாங்கிக்கொள்கிறது. அந்த அறிவிப்பிலேயே இந்த எண்ணையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

எங்கள் குடியிருப்பில் 2018-க்குப் பிறகு மூன்று விஷயங்களை மாற்றினோம். ஜெனரேட்டர் சோதனை ஓட்டம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இருந்தது, மதியம் மூன்று மணிக்கு மாறியது. அதன் புகைக்குழாய் விதிப்படி கட்டட உயரத்துக்கு மேல் எவ்வளவு நீள வேண்டும் என்று பார்த்தோம். கிலோவோல்ட் ஆம்பியரில் (கே.வி.ஏ.) சொல்லும் இயந்திரத் திறனின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர், எங்கள் 100 கே.வி.ஏ. இயந்திரத்துக்கு இரண்டு மீட்டர். எங்களுடையது மொட்டைமாடிச் சுவரோடு நின்றிருந்தது, நீட்டினோம். தெருவில் கூட்டிய சருகுக் குவியலைக் காலையில் கொளுத்தாமல் உரக்குழியில் போடச் சொன்னோம்.

போகி நெருப்பில்தான் கஷ்டப்பட்டோம். இரண்டாவது மாடிப் பாட்டி ஒரே போடாகப் போட்டார்: “விடியறதுக்கு முன்னாடி எரிச்சாதான்டா போகி. ஒன்பது மணிக்கு எரிச்சா அது குப்பை.” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் விடியலில் ஒரு கைப்பிடி வைக்கோலும் கற்பூரமும், மற்றதெல்லாம் மாநகராட்சி வண்டிக்கு என்று அவரே முடிவு செய்தார். இப்போது தாத்தாதான் டிசம்பர் கடைசியிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பழைய பாய்களை வாங்கிக் கட்டி வைக்கிறார். போன போகிக்குப் பதினொரு கட்டு சேர்ந்தது. அடுத்த தெருவில் இன்னும் நாலரை மணிக்குக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகை ஐந்து மணிக்கு எங்கள் கேட்டில் வந்து நிற்கிறது. வருகிற மார்கழிக்கு முன் அவர்களிடமும் போய்ப் பேசுவதாகத் தாத்தா சொல்லியிருக்கிறார். ஊதுபத்தியைக் காட்டிப் பேசச் சொல்லியிருக்கிறேன்.